பராமரிப்பு இல்லங்களில் சூரிய வெந்நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதியோரும் உடல்நலம் குன்றியோரும் தங்கும் பராமரிப்பு இல்லங்களில் சூரிய வெப்பத்தைக் கொண்டு வெந்நீர் தருவது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் 40 முதியவர்கள் தங்கியிருக்கிறார்கள். குளியல், சமையலறை, சலவை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் வெந்நீர் செலவாகிறது. இது முழுவதையும் வெயிலைக் கொண்டே சூடாக்கிவிட முடியுமா? அதற்கு எவ்வளவு சூரிய வெப்பப் பலகைகள் தேவைப்படும்?
— இல்ல நிர்வாகி ஒருவர்

பதில்: முழுப் பொறுப்பையும் சூரியனின் தலையில் கட்ட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. காரணத்தைக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 1.16 வாட் மணி ஆற்றல் வேண்டும். ஆகவே 20 டிகிரியில் வரும் 2,000 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 93 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி) தேவை. தொட்டியிலும் குழாய்களிலும் வீணாகும் வெப்பம் தனி. மேகமில்லாத நாளில், சரியான சாய்வில் வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 முதல் 6 யூனிட் வரை வெயில் விழும். அதில் ஏறத்தாழப் பாதி நீருக்கு வந்து சேரும். அப்படியானால் நல்ல வெயில் நாளிலேயே 33, 34 சதுர மீட்டர் பலகை வேண்டும். மேகமூட்டம் நீடிக்கும் மாதங்களிலும் குறைவில்லாமல் கிடைக்க வேண்டுமென்றால் அதைப்போல் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.

செலவு ஒருபுறம் இருக்கட்டும். பெரிய சிக்கல் வெயில் மிகுந்த மாதங்களில்தான் வருகிறது. தொட்டி நிரம்பச் சூடேறியபின், பலகைக்கும் தொட்டிக்கும் இடையே திரவத்தைச் சுற்றவிடும் பம்பு நின்றுவிடும், வெயில் நிற்காது. நீரோட்டமில்லாத தகட்டுப் பலகைக்குள் (கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருந்தகடு வைத்த வகை) வெப்பம் 150 டிகிரியைத் தாண்டும், வெற்றிடக் குழாய்களில் (காற்றை நீக்கிய இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய் வகை) 200 டிகிரியையும் தாண்டும். உள்ளே இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகும், உறைதடுப்புக் கரைசல் கெட்டுப்போகும், ரப்பர் அடைப்புகள் தளரும். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்ட அமைப்புகள் சீக்கிரம் பழுதாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உங்கள் அளவுக்கு 20 சதுர மீட்டர் பலகையும், சதுர மீட்டருக்கு 50 முதல் 75 லிட்டர் என்ற கணக்கில் 1,000 முதல் 1,500 லிட்டர் வரையிலான சூரியத் தொட்டியும் போதும். ஆண்டுக் கணக்கில் வெந்நீருக்கான ஆற்றலில் பாதியைச் சற்றுக் கூடவோ குறையவோ வெயில் தந்துவிடும். மீதியை ஏற்கெனவே இருக்கும் பாய்லர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: நீங்கள் சொல்லும் 2,000 லிட்டர் அளந்து பார்த்ததா, மதிப்பீடா? பாய்லருக்குள் போகும் குளிர்நீர்க் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரைப் பொருத்தி, சில வாரங்கள் காலை, மதியம், இரவு எனக் குறித்து வாருங்கள். விற்பனையாளரின் அட்டவணையைவிட அந்தக் குறிப்பேடு உங்களுக்கு அதிகம் சொல்லும். கூரையின் தாங்குதிறனையும் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1,500 லிட்டர் தொட்டி என்றால் நீர் மட்டுமே ஒன்றரை டன்.

கேள்வி: அறங்காவலர் குழுவில் இந்தத் திட்டத்தை முன்வைத்தபோது, "இன்னும் நிரூபணமாகாத புதிய முயற்சி, முதியவர்களை வைத்துச் சோதனை வேண்டாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— அறங்காவலர் ஒருவர்

பதில்: புதியது என்பது மட்டும் சரியில்லை. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயில் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கலாம் என்பதை சுவிஸ் அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் தெ சோசூர் 1767-இலேயே செய்து காட்டினார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்று விற்பனைக்கே கொண்டுவந்தார். அந்தக் கருவியில் வெயில் படும் தொட்டியே சேமிப்புத் தொட்டியாகவும் இருந்ததால், மாலையில் சூடான நீர் இரவில் ஆறிப்போயிற்று. 1909-இல் வில்லியம் பெய்லி பலகையைத் தனியாகவும், வெப்பக்காப்பு போர்த்திய தொட்டியைத் தனியாகவும் பிரித்து அந்தக் குறையைத் தீர்த்தார். இன்றைய அமைப்புகளின் அடிப்படை அதுவே. புதிய குடியிருப்புகளில் சூரிய வெந்நீரை இஸ்ரேல் 1980-இல் சட்டப்படி கட்டாயமாக்கியது. 2000-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பார்சிலோனா நகர விதி, புதுக் கட்டடங்களில் வெந்நீருக்கான ஆற்றலில் 60 விழுக்காட்டைச் சூரியனிடமிருந்து பெற வேண்டும் என்றது. அந்த நகரமும் நூறு விழுக்காடு கேட்கவில்லை என்பதை முந்தைய கேள்வியைக் கேட்டவர் கவனிக்கலாம்.

ஆனால் அந்த அறங்காவலரின் தயக்கத்தை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். வீட்டுக்குப் பொருத்துவதைப் போலவே முதியோர் இல்லத்துக்கும் பொருத்திவிட்டால் ஆபத்து உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: தொட்டி நீரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்கிறார் பொறியாளர். தோல் மெலிந்த, கை நடுங்கும் முதியவர்களைக் குளிப்பாட்டும் எங்களுக்கு அந்தச் சூட்டை நினைத்தாலே பயமாக இருக்கிறது. 45 டிகிரியில் வைத்தால் மின்சாரமும் மிச்சம், ஆபத்தும் இல்லை அல்லவா?
— செவிலியர் ஒருவர்

பதில்: உங்கள் பயமும் சரி, பொறியாளர் சொல்வதும் சரி. 45 டிகிரி என்ற உங்கள் தீர்வு மட்டும் சரியில்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத வேறோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா, தேங்கிய நீரில் 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழித்துப் பெருகும். அந்த நீர் ஷவரிலிருந்து நுண்துளிகளாகச் சிதறும்போது மூச்சுடன் நுரையீரலுக்குள் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டுக்கு வந்த பலர் நோயுற்று, சிலர் இறந்தபோதுதான் இந்தக் கிருமி உலகுக்குத் தெரியவந்தது. அங்கே பரவியது குளிர்சாதன அமைப்பின் வழியாக. ஆனால் வெதுவெதுப்பான நீர் தேங்கும் எந்த இடமும் இதற்கு ஏற்றதே. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. முதுமை, நாட்பட்ட நுரையீரல் நோய், நோய் எதிர்ப்புத் திறன் குறைவு ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளவர்களை அதிகம் தாக்கும். உங்கள் இல்லத்தில் ஏறத்தாழ எல்லாருமே இந்த வரையறைக்குள் வருவார்கள். 60 டிகிரியில் இக்கிருமியில் பெரும்பகுதி சில நிமிடங்களில் மடிந்துவிடும். தொட்டியில் 60, கட்டடத்தைச் சுற்றித் தொட்டிக்கே திரும்பி வரும் குழாயில் 50-க்குக் குறையாமல் என்று பொறியாளர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மறுபக்கம், 60 டிகிரி நீர் வயதுவந்தவரின் தோலை ஏறத்தாழ 5 விநாடிகளில் ஆழமாகப் பொசுக்கிவிடும். 50 டிகிரியில் அதே தீங்கு நேர ஏறத்தாழ 5 நிமிடமாகும். முதியவர்களின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை. நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவருக்குச் சூடு உறைப்பதே தாமதமாகத்தான்; உறைத்த பிறகும் காலைச் சட்டென்று இழுத்துக்கொள்ள அவரால் முடியாமல் போகலாம்.

இரண்டையும் ஒருசேரத் தீர்ப்பது வெப்பக் கலப்பு வால்வு. தொட்டியில் சூடாகவே இருக்கட்டும். குளிக்கும் இடத்துக்கு வெகு அருகில் இந்த வால்வு குளிர்நீரைக் கலந்து, ஷவருக்கு 41 டிகிரிக்கும் குளியல் தொட்டிக்கு 44 டிகிரிக்கும் மேற்படாமல் தரும். அதை ஒரே இடத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிட்டு நீண்ட குழாயில் வெதுவெதுப்பான நீரை அனுப்பினால் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும். கலந்த நீர் ஓடும் குழாய் ஓரிரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சூரியத் தொட்டி கோடையில் 80 டிகிரி வரைகூடப் போகக்கூடும் என்பதால், தொட்டியின் வாயிலில் 60 டிகிரிக்கு இறக்கிவிடும் இன்னொரு வால்வும் வேண்டும். அது குளியலிடத்து வால்வுக்கு மாற்றாகாது, கூடுதல் காப்பு.

வால்வு வேலை செய்கிறதா என்பதைப் பராமரிப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஷவரைத் திறந்து ஓடவிட்டு, ஒரு வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, வால்வுக்கு வரும் குளிர்நீரை மட்டும் மூடச் சொல்லுங்கள். நல்ல வால்வு என்றால் வெந்நீரும் சில விநாடிகளில் தானாக நின்றுபோய் வெறும் சொட்டுதான் வரும். கொதிநீர் தொடர்ந்து வந்தால் அந்த ஷவரை அன்றே பூட்டிவிடுங்கள். நல்ல வால்வே ஆனாலும் குளிப்பாட்டும் முன் நீரை வெப்பமானியால் அளந்து பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

காலியாகக் கிடக்கும் அறைகளின் குழாய்களையும் மறந்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது அவற்றைத் திறந்து சில நிமிடம் ஓடவிட வேண்டும். ஷவர் தலைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி உப்புப் படிவை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேள்வி: செவிலியரின் கவலையைப் போலவே எனக்கும் ஒன்று உண்டு. மேகமூட்டமான நாளில் சூரியத் தொட்டி 30, 35 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. அதுவே கிருமி வளரும் சூடு அல்லவா?
— இல்ல மேற்பார்வையாளர் ஒருவர்

பதில்: அதே சூடுதான், பராமரிப்பு இல்லத்தில் சூரிய வெந்நீரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், நாளுக்கு ஒருமுறை சூரியத் தொட்டியின் முழு நீரையும், அடிப்பகுதி உட்பட, பாய்லரின் துணையோடு 60 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இதை எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதே சூட்சுமம். விடியற்காலையில் செய்தால் வெயில் வரும்போது தொட்டி நிறையச் சூடாக இருக்கும், வெயிலுக்கு வேலையே இருக்காது. வெயில் தாழ்ந்தபின் மாலையில் செய்தால், பகலெல்லாம் ஏறிய சூட்டுக்கு மேல் கொஞ்சம் சேர்த்தால் போதும். காலைக் குளியலில் அந்த நீர் செலவாகி, வெயில் ஏறும்போது தொட்டியில் குளிர்நீர் காத்திருக்கும்.

இரண்டாவது வழியில் தேக்கிவைப்பது வெப்பத்தை மட்டுமே, குளிக்கும் நீரை அன்று. சூரியத் தொட்டியில் யாரும் தொடாத நீர் ஒன்று மூடிய சுற்றில் கிடக்கும். குழாயைத் திறக்கும்போது புது நீர் ஒரு தகட்டு வெப்பமாற்றி (இரண்டு நீரும் கலக்காமல் தகடுகள் வழியே சூட்டை மட்டும் கடத்தும் கருவி) வழியாக ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும். போதாத சூட்டைப் பாய்லர் சேர்த்துவிடும். இதில் முன்சூடாக்கிய குளியல் நீர் தேங்கி நிற்க இடமே இல்லை. முதலீடு கூடுதல்தான், எனினும் புதிதாகக் கட்டும் இல்லமென்றால் நான் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கேள்வி: பலகை பொருத்தியும் பாய்லர் செலவு குறைந்தபாடில்லை. பொருத்தியவர்கள் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். என்ன பார்க்க வேண்டும்?
— பராமரிப்புப் பணியாளர் ஒருவர்

பதில்: முதலில் துணைச் சூடேற்றியின் நேரத்தைப் பாருங்கள். ஒரே தொட்டியில் வெயில் சுருளும் மின் சூடேற்றியும் சேர்ந்து இருந்தால், மின் சூடேற்றி தொட்டியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். கீழே இருந்து இரவெல்லாம் ஓடினால் தொட்டி முழுவதும் விடியுமுன் சூடேறிவிடும். பம்பைக் கட்டுப்படுத்தும் கருவி, பலகை தொட்டியின் அடிப்பகுதியைவிட 6 முதல் 10 டிகிரி சூடானால்தான் பம்பை ஓட்டும். அடியிலேயே 60 டிகிரி இருந்தால் பலகை 66, 70 என்று ஏறும்வரை பம்பு அசையாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவியும் தன் வேலையைச் சரியாகச் செய்ய, வெயில் மட்டும் வீணாகியிருக்கலாம்.

அடுத்து, வெப்ப உணரியைப் பாருங்கள். பலகையின் வாயில் அதற்கென்று உள்ள உறையிலிருந்து அது நழுவி வெளியே தொங்கினால் காற்றின் சூட்டையே அளந்துகொண்டிருக்கும். பிறகு இரவில், பம்பு நின்று ஓரிரு மணி நேரம் கழித்து, தொட்டியிலிருந்து பலகைக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். தொட்டியை விட்டு விலகிய இடத்திலும் அது வெதுவெதுப்பாக இருந்தால், தொட்டியின் சூடு மேலேறிப் பலகை வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். எதிரோட்டத் தடுப்பு வால்வில் தூசியோ உப்போ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, வெந்நீர் சுற்றி வரும் குழாய்கள். திறந்தவுடன் சூடான நீர் வரவேண்டும் என்பதற்காகப் பெரிய இல்லங்களில் வெந்நீரை இரவும் பகலும் கட்டடம் முழுவதும் சுற்றவிடுவார்கள். அந்தக் குழாய்களுக்கு வெப்பக்காப்பு போர்த்தாமல் விட்டிருந்தால், முதியவர்கள் பயன்படுத்தும் வெப்பத்துக்கு நிகரான வெப்பத்தைச் சுவர்களும் கூரைவெளியும் குடித்துவிடும். கிருமி பயத்தால் இந்தச் சுற்றோட்டத்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே காப்பைத்தான் கனமாகப் போர்த்த வேண்டும். வால்வுகளையும் வளைவுகளையும் அம்மணமாக விட்டுவிடாமல் அவற்றுக்கும் சேர்த்து.

கேள்வி: தகட்டுப் பலகை நல்லதா, வெற்றிடக் குழாய் நல்லதா?
— பலர்

பதில்: குளிர் கடுமையான இடத்திலும், மிகுந்த சூடு தேவைப்படும் இடத்திலும் வெற்றிடக் குழாய் முந்தும், மிதமான தட்பவெப்பத்தில் 60 டிகிரிக்குத் தகட்டுப் பலகையே போதும், ஆலங்கட்டி மழையையும் நன்றாகத் தாங்கும். குழாய் உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றதன் வசதி. எதுவானாலும் நிலநடுக்கோட்டை நோக்கி, ஏறத்தாழ அந்த இடத்தின் அகலக்கோட்டு அளவுக்குச் சாய்த்து, காலை முதல் மாலை வரை நிழல் விழாத இடத்தில் வையுங்கள். உறைபனி வரக்கூடிய இடமென்றால் சுற்றோட்டத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்பானைக் கலக்க வேண்டும். நச்சுத்தன்மையுள்ள எத்திலீன் கிளைக்கால் இல்லத்தின் பக்கமே வரக் கூடாது. காற்று பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி மேலே இருக்கும் தெளிந்த இரவிலும், வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து பலகைக்குள் நீர் உறையக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: வெப்பப் பலகைக்குப் பதிலாகச் சூரிய மின்பலகை போட்டு, அந்த மின்சாரத்தால் வெப்ப பம்பை ஓட்டினால் என்ன?
— பொறியியல் மாணவர் ஒருவர்

பதில்: நியாயமான போட்டியாளர்தான். மின்பலகை வெயிலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மின்சாரமாக்கும். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்து நீருக்குத் தரும் வெப்ப பம்பு, ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு 3 யூனிட் வெப்பம் தருமானால், கடைசியில் வெயிலில் 60 விழுக்காடு வெப்பமாகக் கிடைக்கிறது. நல்ல வெப்பப் பலகையும் 50, 60 விழுக்காடுதான் தருகிறது. ஆக, கூரைப் பரப்பைப் பொறுத்தவரை இரண்டும் சமம். மின்பலகையில் வெந்நீருக்குப் போக மிஞ்சியது விளக்குக்கும் விசிறிக்கும் போகும், கோடையில் தேங்கிக் கொதிக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் நீரின் சூடு 60 டிகிரியை நெருங்க நெருங்க வெப்ப பம்பின் திறன் இறங்கும். பராமரிப்பு இல்லத்துக்கு வேண்டியதோ அந்தச் சூடேதான். அதை மறந்து, 45 டிகிரி நீருக்குச் சொல்லப்படும் திறனை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

விடுமுறையே இல்லாமல், பகலிலும் சலவைக்கும் சமையலறைக்கும் வெந்நீர் செலவாகும் இடம் பராமரிப்பு இல்லம். வெப்பப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைப்பது அரிது. பாய்லர் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தால் வெப்பப் பலகை. பாய்லரையே மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதென்றால் இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆழ்குழாய் நீர் மிகவும் உப்பு. சோலார் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா?
— இல்லம் நடத்தும் ஒருவர்

பதில்: அந்த நீரை நேரடியாகப் பலகைக்குள் ஓடவிட்டால் அடைத்துக்கொள்ளும். 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்புப் படிவு விரைவாகச் சேரும். பலகைக்குள் ஓடும் திரவத்தைத் தனிச் சுற்றாக மூடிவிட்டு, வெப்பமாற்றிச் சுருள் வழியாக மட்டும் சூட்டை வாங்கும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். சுருளின்மேல் படிவு சேரத்தான் செய்யும், ஆனால் அதைச் சுத்தம் செய்ய முடியும். தொட்டிக்குள் போகும் நீருக்கு மென்மையாக்கும் கருவி வைத்தால் இன்னும் நல்லது. எஃகுத் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது அரித்துக்கொண்டு கரையும். ஆண்டுக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்துப் பார்த்து, உள்ளிருக்கும் எஃகு நரம்பு தெரியுமளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.